ஐந்து மாலை, ஆறு கழுத்து

மாலை ஐந்து போதும் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது: கவுன்சிலர், மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், கோயில் தலைவர், கேடயங்களுக்குப் பணம் கொடுத்த கடைக்காரர், தலைமையாசிரியர். 2018-இல் எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழா. நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள் என்பதால் பூக் கட்டுவது எனக்குப் பிறவியிலேயே வந்திருக்கும் என்று தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. ஊரில் இருந்தவரை நான் முழம் போட்டு வாங்கித்தான் பழக்கம். கட்டக் கற்றுக்கொடுத்தவர் டர்பனில் பிறந்து வளர்ந்த என் மாமியார்.

ஐந்து கழுத்திலும் மாலை விழுந்தது, கைதட்டினோம். பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் நேரத்தில் தலைமையாசிரியர் என் பக்கத்தில் வந்து, "அக்கா, சர்க்கிட் மேனேஜரை விட்டுவிட்டோமே" என்றார். அவர் காட்டிய திசையில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறக் கோட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. எங்கள் பள்ளியோடு சேர்த்து இன்னும் இருபத்துச் சொச்சம் பள்ளிகளுக்கு மேலதிகாரி. யாரும் அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜூலு மக்களின் வழக்கப்படி அவரை நான் 'பாபா' என்பேன், அவர் என்னை 'மா' என்பார். சிரித்தார். "மா, மாலை போட்டால் போட்டோ எடுப்பார்கள். போட்டோ வெளியே போனால் நான் எந்தக் கட்சிக்காரர் பக்கத்தில் நின்றேன் என்று எண்ணுவார்கள். நீங்கள் எனக்கு நல்லதுதான் செய்தீர்கள்." பிரியாணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அதை ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பள்ளி நிர்வாகக் குழுவில், இங்கே எல்லோரும் சொல்வதுபோலச் சொன்னால் எஸ்.ஜி.பி.யில், 2015 முதல் 2024 வரை மூன்று தடவை பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் எனக்குப் புரிந்ததெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் இருந்தது. பள்ளிக்கு மேலே, அமைச்சருக்குக் கீழே இருக்கிற அதிகாரிகள் அரசியலோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் அப்பா உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர். டி.இ.ஓ. வருகிறார் என்றால் வாசல் கற்களுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எம்.எல்.ஏ.விடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்து ஆள்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா உள்ளே காபி கொடுத்துவிட்டு வெளியே வந்து பல்லைக் கடிப்பார். அதிகாரி வேறு, அரசியல்வாதி வேறு, இரண்டு பேரும் பள்ளிக்குத் தொந்தரவு. சின்ன வயதில் நான் அங்கிருந்து கொண்டு வந்த பாடம் இவ்வளவுதான்.

என் தங்கை டெக்சஸில் இருக்கிறாள். அங்கே பள்ளி மாவட்டத்தின் வாரியத்தை மக்களே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை வேலைக்கு எடுக்கிறது, சொத்து வரி விகிதத்தையும் அதுவே நிர்ணயிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்டினில் சட்டசபை 140 நாள் கூடும்போது அந்தக் கண்காணிப்பாளர்கள் போய் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். அவள் ஊரில் அது வேலையின் ஒரு பகுதி, யாரும் முகம் சுளிப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. மாவட்டத்துக்கு வரி கிடையாது, வாரியம் கிடையாது, தேர்தலும் கிடையாது. கொள்கை வகுப்பது தேசிய அடிப்படைக் கல்வித் துறை. பள்ளியை நடத்துவது மாகாணம். எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் கல்வி மாவட்டங்கள் 12. ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே சர்க்கிட் மேனேஜர்கள். மாவட்டங்களின் பொறுப்புகளைப் பற்றி 2013-இல் அரசிதழில் வந்த கொள்கை நாலு வேலைகளைச் சொல்கிறது: திட்டமிடுவது, பள்ளிக்குத் துணையாக இருப்பது, கண்காணித்துக் கணக்குக் கேட்பது, பொதுமக்களோடு தொடர்பில் இருப்பது. நாலாவதைப் படித்தால் ஒரு வரி. செய்து பார்த்தால்தான் அதற்குள் எத்தனை கட்சி, எத்தனை சங்கம், எத்தனை கோயில் இருக்கிறது என்று தெரியும்.

இதில் நகராட்சி எங்கே வருகிறது என்று கேட்டால், எங்கேயும் வராது. அரசியல் சாசனப்படி பள்ளிக்கல்வி தேசத்துக்கும் மாகாணத்துக்கும் பொது. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் கவுன்சிலருக்கு ஒரு வாத்தியாரை மாற்றக்கூட அதிகாரம் கிடையாது. ஆனால் பள்ளியில் ஒரு குழாய் உடைந்தால் எங்கள் ஆள்கள் முதலில் ஓடுவது கவுன்சிலரிடம்தான். ஏனென்றால் அவருடைய நம்பர் எல்லோர் போனிலும் இருக்கிறது. சர்க்கிட் மேனேஜர் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது.

மாமியாரிடம் இதைப் பேசினால் அவர் 1860-க்குப் போய்விடுவார். அந்த வருடம் நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் கட்டியதில் பெரும்பங்கு அவர்களே. கட்டடத்துக்கு ஊர் பணம் போடும், அரசாங்கம் சம்பளத்துக்கு மானியம் தரும். பழைய பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'அரசு உதவிபெறும் இந்தியர் பள்ளி' என்று இருந்தது அதனால்தான். மேகசின் பேரக்ஸில் பிறந்தவர் மாமியார். மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகளின் குடியிருப்பு அது. இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த இடப் பிரிவினைச் சட்டம் வந்து 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். புது இடத்தில் முதலில் ஒரு கொட்டகையில் மாரியம்மன், அப்புறம் வகுப்பறை என்பது அவருடைய கணக்கு.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பவர் சீனிவாச சாஸ்திரி. எங்கள் ஊருக்குப் பக்கத்து வலங்கைமான்காரர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, பொதுவாழ்க்கைக்கு வந்து, 1927-இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்தார். வந்த வேகத்தில் செய்த காரியம், இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டியது. ஒரு பக்கம் வெள்ளைக்கார மாகாண நிர்வாகியோடு விருந்து, இன்னொரு பக்கம் வியாபாரிகளிடம் வசூல். 1929-இல் சாஸ்திரி கல்லூரி திறந்தது. அவரைக் குழைந்து போகிறவர் என்று ஏசியவர்கள் அன்றைக்கும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அவர் வருவதற்குக் காரணமான 1927 கேப்டவுன் ஒப்பந்தத்தில்தான் இந்தியர்களை உதவித்தொகை கொடுத்து ஊருக்கு அனுப்பும் திட்டமும் இருந்தது. பள்ளியும் அந்தத் திட்டமும் ஒரே காகிதத்தின் இரண்டு பக்கம். ஆனால் அந்தக் கட்டடத்தில் படித்துத்தான் எத்தனையோ வீடுகளில் முதல் ஆசிரியர், முதல் டாக்டர் வந்தார்கள். தலைமையாசிரியராக இருந்த ஒருவருக்கு விருந்து மேசையில் எங்கே பேசுவது, எங்கே பேசாமல் இருப்பது என்று தெரிந்திருந்தது. அப்பா திண்ணைக்காரர்களைக் கண்டு பல்லைக் கடித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் சாஸ்திரியையும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் 1984. வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று சபை கொண்ட நாடாளுமன்றம். கறுப்பின மக்களுக்கு ஒன்றுமே இல்லை. இந்தியர் கல்வி அந்த இந்தியர் சபையின் 'சொந்த விவகாரம்' ஆனது. ஆகஸ்ட் மாதத் தேர்தலில் பதிவுசெய்த இந்திய வாக்காளர்களில் வாக்குப் போட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான், மற்றவர்கள் புறக்கணித்தார்கள். மாமியாரின் அண்ணன் ஆசிரியர். அன்றைக்கு அவர் வாக்குச்சாவடிக்கும் போகவில்லை, புறக்கணிப்பு ஊர்வலத்துக்கும் போகவில்லை. பின்கட்டில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் பின்கட்டில்தான் நிற்கணும் என்பாராம். இந்தியர் கல்வித் துறையின் தலைமை அலுவலகம் துறைமுகத்தைப் பார்த்தாற்போல இருந்த கட்டடத்தில். அதன் பெயர் 'ட்ரூரோ ஹவுஸ்'. கூலிகளாக வந்திறங்கிய கப்பலின் பெயரைத் தாங்கிய அலுவலகத்துக்குப் பேரப்பிள்ளைகள் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1994-க்குப் பிறகு இனவாரியாக இருந்த 19 துறைகளைக் கலைத்து ஒன்பது மாகாணத் துறைகளாக்கினார்கள். ஆனால் 'பள்ளிக்கூடத்துக்குள் அரசியலை விடாதே' என்கிற பேச்சு மட்டும் எங்கள் வட்டாரத்தில் அப்படியே தங்கிவிட்டது. அது மிளகாய்ச் செடிக்காரர்களின் பேச்சு. அதில் பயமும் இருக்கிறது, விவேகமும் இருக்கிறது, எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பள்ளி நேரத்தில் பள்ளிக்குள் கட்சி அரசியல் கூடாது. 1996-இன் பள்ளிகள் சட்டத்தில் 33ஏ என்ற பிரிவாக அதைப் பின்னாளில் சேர்த்தார்கள். ஒரு கட்சியை ஆதரிக்கிறார் என்பதற்காக அரசு ஊழியர் ஒருவருக்குச் சலுகையும் கூடாது, பாதகமும் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 197-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2016-இல் பேராசிரியர் ஜான் வோல்மிங்க் தலைமையிலான குழு, பணத்துக்குப் பதவிகள் விற்கப்படுவதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஒன்பது மாகாணங்களில் ஆறில் கல்வித் துறை நடைமுறையில் ஓர் ஆசிரியர் சங்கத்தின் பிடியில் இருப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். அந்த அறிக்கை வந்த வருடத்தில்தான் நான் முதல்முறையாகத் துணைத் தலைமையாசிரியர் பதவிக்கான நேர்காணல் குழுவில் உட்கார்ந்தேன். மூலையில் சங்கங்களின் பார்வையாளர்கள். அவர்கள் பேசக் கூடாது, பார்க்கத்தான் உரிமை. ஆனால் ஒருவர் பேனாவைக் கீழே வைத்த விதத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

இனி நான் செய்த முட்டாள்தனம்.

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பாட வேளை தமிழ் இருந்தது. அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் இருக்கிறது. 2014-இல் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஐந்தையும் பள்ளிப் பாடத்திட்டத்தில் விருப்ப மொழிகளாகச் சேர்த்தார்கள். பெயர் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, வாத்தியார்தான் இல்லை. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து மாகாணம் தீர்மானிக்கிறது. பள்ளி திறந்து பத்தாவது நாள் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஜூலுவுக்கும் போகத் தமிழுக்கு ஆள் மிஞ்சாது. அதனால் எஸ்.ஜி.பி.யே தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து ஓர் அம்மாவை வைத்திருந்தோம். எங்கள் பள்ளி கட்டணப் பள்ளி. சுற்றுவட்டாரத்து வறுமையை வைத்துப் பள்ளிகளைப் பிரிக்கும் ஐந்து அடுக்கில் கீழ் மூன்றுக்குத்தான் கட்டணம் இல்லை, எங்களை நாலாவதில் வைத்திருந்தார்கள். பாதிப் பெற்றோர்களால் கட்ட முடியாது. 2018 கடைசியில் கையிருப்பு காலி.

2019 மே மாதம் தேர்தல். பிப்ரவரியில் கோயில் விழாவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். கட்சிப் பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான். அவர் கையைப் பிடிக்காத குறையாக, பிள்ளைகளின் தமிழ் வகுப்பைக் காப்பாற்றுங்கள் என்றேன். அவர் உடனே மைக்கை வாங்கி, இந்தப் பள்ளிக்குத் தமிழ் ஆசிரியர் வரும், அது என் பொறுப்பு என்று அறிவித்தார். கைதட்டல். நான் மாலை போட்டேன், அதுவும் நானே கட்டியது.

இரண்டு தப்பு. முதலாவது, ஊர் நினைப்பில் அவரை ஓர் எம்.எல்.ஏ.வாகப் பார்த்தது. இங்கே மாகாணத் தேர்தலில் தொகுதியே கிடையாது. அப்போது கட்சிக்குத்தான் வாக்கு, கட்சியின் பட்டியலில் மேலிருந்து இத்தனை பேர் உள்ளே போவார்கள். அவர் பட்டியலின் வால் பக்கம் இருந்தார், உள்ளே போகவில்லை. இரண்டாவது தப்பு பெரியது. அந்த வாரம் மாவட்ட அலுவலகத்தில் சர்க்கிட் மேனேஜர் ஒரு கோப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பள்ளிகள் இரண்டோடு சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளும் யோசனை. எங்களிடம் அதைச் சொல்லவில்லை, முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். மைக்கில் வந்த அறிவிப்பு மறுநாள் மேலே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டால் அது ஒரு கட்சியின் தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றுவது. தேர்தல் முடியட்டும் என்று தூக்கி வைத்தார்கள். முடிந்த பிறகு யாரும் கீழே இறக்கவில்லை.

நான் போய் அழாத குறையாகச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "மா, நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் போயிருந்தால், அவர் மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேன்" என்றார். தமிழ் வகுப்பு இப்போது சனிக்கிழமை கோயிலில் நடக்கிறது. ஒன்பது பிள்ளைகள்.

அதற்குப் பிறகுதான் அவர் வேலை செய்யும் விதத்தை உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினேன். நன்றாகப் பார்க்கக் கிடைத்தது 2022 ஏப்ரல் வெள்ளத்தில். 11, 12 தேதிகளில் பெய்த மழையில் குவாசுலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், 600-க்கும் அதிகமான பள்ளிகள் பாதிக்கப்பட்டன. சாட்ஸ்வர்த் முழுக்க மேடும் பள்ளமும். எங்கள் பள்ளிக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நின்ற சுவர் சரிந்து, மூன்று வகுப்பறைகளின் ஜன்னல் வரைக்கும் செம்மண் நின்றது.

முதலில் வந்தவர்கள் கட்சிக்காரர்கள். ரப்பர் பூட்ஸ், கட்சிச் சட்டை, உணவுப் பொட்டலம், கூடவே போன் கேமரா. குறை சொல்ல மனம் வரவில்லை, பொட்டலத்தில் உண்மையாகவே அரிசி இருந்தது. சர்க்கிட் மேனேஜர் வாசலில் நின்று, இரண்டரை மணிக்குப் பள்ளி விடும், அதற்குப் பிறகு எல்லோரும் வாருங்கள், இந்த நோட்டில் கையெழுத்துப் போடுங்கள் என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினார். எல்லாக் கட்சிக்கும் அதே நோட்டு, அதே நேரம். அந்த நோட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தது எதற்கு என்று அப்புறம் தெரிந்தது.

தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார்: தாங்கு சுவர் இடிந்துவிட்டது, உடனே கட்டித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டுச் சர்க்கிட் மேனேஜர் வேண்டாம் என்று தலையாட்டினார். "சுவர் என்று எழுதினால் இது கட்டட வரிசைக்குப் போகும். கட்டுவது பொதுப்பணித் துறை. இந்த மாகாணத்தில் இன்றைக்கு எத்தனை சுவர் விழுந்திருக்கும்? '118 பிள்ளைகளுக்கு வகுப்பறை இல்லை' என்று தொடங்குங்கள். சுவரை மூன்றாவது பத்தியில் சொல்லுங்கள்." அடுத்து எஸ்.ஜி.பி. கூட்டி ஒரு தீர்மானம் போடச் சொன்னார். நாங்கள் போட்ட தீர்மானத்தில் அரசாங்கத்தைத் திட்டி இரண்டு வரி இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். திட்டு அடுத்த கடிதத்துக்கு மிச்சமிருக்கட்டுமாம்.

வரிசை முக்கியம் என்பார். தலைமையாசிரியர் அவருக்கு, அவர் மாவட்டத்துக்கு, மாவட்டம் மேலே. யாருக்கும் நகல் கிடையாது. பதினைந்து நாள் பதில் வராவிட்டால் எஸ்.ஜி.பி. தலைவர் மாகாணச் சட்டமன்றத்தின் கல்விக் குழுவுக்கு எழுதலாம். அவர் பெற்றோர், ஊழியர் இல்லை. "நான் எழுத முடியாது. நீங்கள் எழுதலாம். நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்கு முன்தினம் அவரே இயக்குநருக்குப் போன் போட்டு, பெற்றோர்கள் பொறுமை இழக்கிறார்கள், சட்டமன்றத்துக்குப் போவார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். தன் மேலதிகாரி ஒரு செய்தியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதுபோல ஆகக் கூடாது என்பதில் அவர் கறார். இது சாமர்த்தியமா, ஏமாற்றா என்று நான் யோசித்ததுண்டு. அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாருக்கு எப்போது எது தெரிய வேண்டும் என்பதில் மட்டும் விளையாடினார்.

கவுன்சிலர் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. 2021 நவம்பர் தேர்தலில் புதிதாக வந்தவர், இளைஞர். சுவரைக் கட்டித் தருகிறேன் என்று அவரும் கிளம்பியிருந்தார். இவர் அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் போய், தெருவின் மழைநீர்க் குழாய் எங்கே உடைந்து மண்ணுக்குள் தண்ணீரை விடுகிறது என்று காட்டினார். குழாய் மாநகராட்சியுடையது. அதைச் சரிசெய்யாமல் சுவர் கட்டினால் அடுத்த மழையில் மறுபடியும் விழும். "இது உங்கள் கையில் இருக்கிற வேலை, கவுன்சிலர். இதைச் செய்தது நீங்கள் என்று எல்லோரும் பார்க்கலாம்." ஆறு வாரத்தில் குழாய் மாறியது. திறப்பு விழா மாதிரி ஒன்று நடந்தது. ஒரு மழைநீர்க் குழாய்க்கு மாலையோடு விழா எடுத்த ஒரே பள்ளி நாங்களாகத்தான் இருப்போம். கட்டிக் கொடுத்தவள் நான்தான். ஓடைக்கரை ஓரமாக ஒரு வேலியும் போட்டுத் தருகிறேன் என்று கவுன்சிலர் அன்றைக்கு மைக்கில் சொன்னார். இந்த முறை மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் பள்ளிகளைப் பார்க்க வருவது இங்கே வழக்கம். எந்தப் பள்ளிக்குக் கூட்டிப் போவது என்று கேட்பார்கள். பெயின்ட் அடித்த பள்ளியைக் காட்டுவதுதான் எங்கேயும் நடப்பது, எங்கள் அப்பாவின் சுண்ணாம்புக் கற்கள் மாதிரி. 2023 ஜனவரியில் இவர் எங்கள் பள்ளியைக் கொடுத்தார். இரண்டு வகுப்புகள் மண்டபத்தில் திரைச்சீலை கட்டி நடந்துகொண்டிருந்தன. வந்தவர்களில் மூன்று கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அவர் அந்தப் பழைய நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். ஏப்ரலில் அவர்களுடைய கட்சிகளிலிருந்து வந்தவர்கள் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்த பக்கம். ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மொபைல் வகுப்பறைகள் அந்த மார்ச்சில் வந்தன. சுவர் முடிய 2024 ஆனது. இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு சுவருக்கு இரண்டு வருடம். இதே வெள்ளத்தில் இதைவிட மோசமாக அடிபட்டு, இப்படி ஒரு ஆள் இல்லாததால் இன்னும் கிடக்கிற பள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு மேலே இருந்த அதிகாரி, நான் அரசியல்வாதிகளிடம் பேசுவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நேர்மையானவர், ஒரு ராண்ட் கை நீட்டாதவர். அவரும் பின்கட்டில் நின்று மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்தான். இன்னொரு வகையும் இருக்கிறார்கள், கட்சித் தலைவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் அதிகாரிகள். அவர்கள் பள்ளிக்கு எல்லாம் சீக்கிரம் வரும், ஆட்சி மாறும்வரை.

எங்கள் சர்க்கிட் மேனேஜர் ஓய்வுபெறும் வருடத்தில் இன்னொரு கூத்து. 2024 செப்டம்பர் 13-ஆம் தேதி அதிபர் ரமபோசா 'பேலா' சட்டத்தில் கையெழுத்திட்டார். மாணவர் சேர்க்கையிலும் பயிற்று மொழியிலும் எஸ்.ஜி.பி. எடுக்கும் முடிவுக்கு மேல் மாகாணக் கல்வித் துறையின் தலைமை அதிகாரிக்குக் கடைசி வார்த்தை உண்டு என்பது அதன் சாரம். கூட்டணி அரசில் வேறு கட்சியிலிருந்து வந்த கல்வி அமைச்சர் சிவிவே குவாருபே அந்தக் கையெழுத்து நிகழ்ச்சிக்கே போகவில்லை. அந்த இரண்டு பிரிவுகளை மட்டும் மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள், டிசம்பர் கடைசியில் எல்லாம் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பள்ளிகள் எல்லாம் அவரைத்தான் கூப்பிட்டன. அதிபர் ஒன்று சொல்கிறார், அமைச்சர் ஒன்று சொல்கிறார், நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது? வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பதில் போட்டார்: அரசிதழில் வருகிறவரை பழைய சட்டம்.

நவம்பரில் பள்ளி மண்டபத்தில் அவருக்குப் பிரிவுபசாரம் வைத்தோம். என் எஸ்.ஜி.பி. காலம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, ஆனால் மாலைக்கு மட்டும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பட்டியல் கேட்கவில்லை. ஒரே ஒரு மாலை கட்டினேன், மஞ்சள் சாமந்தியும் நடுநடுவே சிவப்புக் கார்னேஷனும் வைத்துக் கொஞ்சம் கனமாகவே. இனிமேல் யார் பக்கத்தில் நின்றாலும் யாரும் எண்ண மாட்டார்கள் பாபா என்று சொல்லிப் போட்டேன். மாமியார் வீல்சேரில் இருந்தபடியே கை தட்டினார்.

பேச்சுகள் பாதியில் இருக்கும்போது கவுன்சிலர் வந்துவிட்டார். அழைத்தோமா, இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை. மேடையில் நாற்காலி போட்டார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் வெறும் கையைக் காட்டினேன். மண்டபமே கொஞ்சம் நெளிந்தது.

அவர் எழுந்தார். தன் கழுத்திலிருந்த மாலையை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்துக் கவுன்சிலருக்குப் போட்டார். கைதட்டல், நாலைந்து போன்கள் உயர்ந்தன. போட்டோவுக்குக் கவுன்சிலரின் தோளை அணைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"ஓடைக்கரை வேலி இன்னும் வரவில்லை, கவுன்சிலர்."